பள்ளியில் வெட்டிய முடியும் சிறையில் மழித்த தலையும்: வேறுபாட்டை எப்படிச் சொல்வது?

கேள்வி: தங்கச்சிமடத்துத் தாய்

அனைவருக்கும் வணக்கம். எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகனின் முடியை, பள்ளியின் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்பாக வெட்டிவிட்டார்கள். திருத்தமாக வெட்டவில்லை. நெற்றிப் பக்கம் ஒரு கொத்து, காதுக்கு மேல் ஒரு கொத்து என்று கத்தரிக்கோலால் நறுக்கிவிட்டு, மிச்சத்தைக் கடையில் போய் எடுத்துக்கொள்ளச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அவனோடு வரிசையிலிருந்து வெளியே இழுக்கப்பட்டவர்கள் ஏறத்தாழ எல்லாருமே கடல்தொழில் செய்யும் வீட்டுப் பிள்ளைகள். வீட்டுக்கு வந்தவன் அழவில்லை. கண்ணாடியைத் திருப்பி வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டான்.

இதைப் பற்றி உறவினரிடமும் அக்கம்பக்கத்தாரிடமும் பேசியபோது, "நல்லதுக்குத்தானே செய்தார்கள், கண்டிக்காமல் வளர்த்தால் பிள்ளை உருப்படுமா" என்பதே எல்லாருடைய பதிலாகவும் இருந்தது. என்னை உறுத்துவது வேறொன்று. 2024 செப்டம்பரில், அபராதம் கட்ட முடியாமல் இலங்கைச் சிறையில் வைக்கப்பட்டிருந்த நம் மீனவர் சிலர் மொட்டையடிக்கப்பட்ட தலையோடு திரும்பி வந்தபோது, எங்கள் ராமேஸ்வரம் தீவு முழுவதும் கொதித்தது. என் கணவரும் விசைப்படகில் செல்பவர்தான். அந்த மனிதர்களைப் பார்த்துவிட்டு வந்த இரவு அவர் சாப்பிடவில்லை. அன்று வீதியில் இறங்கிய அதே மக்கள்தான் இன்று என் மகனின் தலையைப் பார்த்து "முடிதானே, வளர்ந்துவிடும்" என்கிறார்கள்.

நான் அப்பள்ளியின் மேலாண்மைக் குழுவில் பெற்றோர் உறுப்பினராக இருக்கிறேன். மாணவர் ஒழுக்க விதிகள் அடுத்த கூட்டத்தில் பேச்சுக்கு வருகின்றன. அந்தச் சிறையில் நடந்ததற்கும் இந்தப் பள்ளியில் நடந்ததற்கும் வேறுபாடு உண்டா? உண்டென்றால் அதை எந்த இடத்தில் வைத்துச் சொல்வது? இல்லையென்றால், பள்ளி, முகாம், ஆலை, காவல்துறை போன்ற நிறுவனங்கள் மனிதரை ஆள்வதற்கு ஏன் அவர்களின் உடலையே பிடிக்கின்றன? என் கோபத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கூட்டத்திற்குப் போக விரும்பவில்லை. காரணத்தோடு போக வேண்டும். படித்தவர்களும் பட்டறிந்தவர்களும் உதவுங்கள்.

மறுமொழி: ஓய்வுபெற்ற ஆசிரியர், உச்சிப்புளி

அம்மா, சட்டம் தெளிவாக இருப்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, குழந்தைக்கு உடல் தண்டனை கொடுப்பதையும் மன உளைச்சல் ஏற்படுத்துவதையும் தடை செய்கிறது. அச்சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கானது. எட்டாம் வகுப்பு மாணவன் அதற்குள் வருகிறான். தமிழ்நாட்டுக் கல்வி விதிகளில் உடல் தண்டனைக்கு இருந்த இடமோ அதற்கு முன்பே, 2003இல், நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே கூட்டத்தின் முன் கத்தரிக்கோலை எடுத்தவருக்கு அதைச் செய்யும் அதிகாரம் இல்லை. இதில் வாதத்திற்கே இடமில்லை.

ஆனால் நீங்கள் கேட்பது அதைவிடப் பெரிது. ஆசிரியராகப் பல தலைமுறைப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தியவன் என்ற முறையில் சில சொல்கிறேன். பள்ளியில் நாங்கள் பாடம் நடத்தத் தொடங்குவதற்கு முன்பே உடலுக்கு நடத்தும் பாடம் முடிந்துவிடுகிறது. உயரவாரியாக நில், கையை நீட்டி இடைவெளி விடு, "அட்டென்ஷன்" என்றால் விறைத்து நில், மணி அடித்தால் எழு, சிறுநீர் கழிக்க வேண்டுமென்றால் விரலை உயர்த்திக் காட்டி அனுமதி பெறு. இவற்றுள் பெரும்பகுதி படைமுகாமிலிருந்து பள்ளிக்கு வந்தது. ஆயிரம் பிள்ளைகளை ஒரு மணிக்குள் வகுப்பில் அமர்த்த வேண்டுமென்றால் ஏதேனும் ஒழுங்கு வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. சீருடையும் அப்படித்தான், கிழிந்த சட்டைக்காரனையும் பட்டுச் சட்டைக்காரனையும் ஒரே நிறத்தில் உட்கார வைத்த அந்த நன்மையை ஏழை வீட்டில் பிறந்து படித்த எவரும் மறக்க மாட்டார்கள்.

முடி விதி அந்த வகையைச் சேர்ந்ததன்று. சீருடை வேறுபாட்டை மறைக்கிறது. முடி விதி, நடைமுறையில், வேறுபாட்டைத் தேடிப் பிடிக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் "புள்ளிங்கோ கட்" என்ற முடிவெட்டுப் பாணி பற்றிய பேச்சு பரவியபோது, மாணவருக்கு அப்படி வெட்டக் கூடாதென்று முடிதிருத்தும் கடைகளுக்குப் பள்ளிகள் கடிதம் எழுதும் அளவுக்குப் போனது. அந்தப் பெயரால் யார் சுட்டப்பட்டார்கள் என்று யோசியுங்கள். மருத்துவர் வீட்டுப் பிள்ளை முன்முடியை வளர்த்தால் அது நாகரிகம். படகில் மீன் பிரிப்பவர் வீட்டுப் பிள்ளை வளர்த்தால் அது ரௌடித்தனம். உங்கள் மகனோடு வெளியே இழுக்கப்பட்டவர்கள் யார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கூட்டத்தில் முதலில் கேட்க வேண்டியது அதுதான்: அன்று அதே அளவு முடியோடு வரிசையில் நின்றும் வெளியே இழுக்கப்படாதவர்கள் எத்தனை பேர்?

இரண்டாவதாக, வெட்டிய இடத்தைக் கவனியுங்கள். முடி நீளமாக இருப்பதுதான் சிக்கல் என்றால், ஒரு கடிதத்தோடு வீட்டுக்கு அனுப்பினால் போதும். வழிபாட்டுக் கூட்டத்தில் வெட்டியது உங்கள் மகனுக்காக அன்று, பார்த்துக்கொண்டு நின்ற மற்றவர்களுக்காக. ஒரு தலையில் வெட்டினால் ஐந்நூறு தலை குனியும் என்பதே அதன் கணக்கு.

மறுமொழி: சேதுக்கரை வாசகர்

ஆசிரியர் ஐயா சொன்னதோடு, நம் கரையின் வரலாற்றையும் சேர்த்துப் பார்க்கலாம். உடலைப் பிடித்து ஆளும் முறைக்கு ராமநாதபுரத்தில் பழைய சான்றுகள் உண்டு. ஒவ்வொன்றும் ஒவ்வொரு காரணத்தைச் சொல்லிக்கொண்டு வந்தது.

முதலாவது, நாம் தினமும் வாயால் சொல்லும் "மண்டபம் கேம்ப்". 1914 பிப்ரவரியில் பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டு, தனுஷ்கோடி வழியாகத் தலைமன்னாருக்குக் கப்பல் ஓடத் தொடங்கியபின், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தமிழ்நாட்டுக் கூலித் தொழிலாளர்கள் இந்த வழியாகவே கடந்தார்கள். அவர்களை நிறுத்தி வைக்க, இந்திய மண்ணில் இலங்கை அரசாங்கம் நடத்திய தனிமைப்படுத்தும் முகாம் இது. தோட்டத்துக்கு ஆள் திரட்டி அழைத்துப்போகும் கங்காணியோடு வந்து இறங்கிய குடும்பங்கள் இங்கே சில நாட்கள் அடைத்து வைக்கப்பட்டன. குளிக்க வைத்து, துணிகளைக் கிருமி நீக்கம் செய்து, அம்மைத் தடுப்பூசி குத்தி, பிற்காலத்தில் கொக்கிப் புழுவுக்கு மருந்தும் கொடுத்து, அதன்பிறகே கப்பலேற விட்டார்கள். காலராவும் பிளேக்கும் பொய்யில்லை. அக்காலத்தில் அவை ஊர் ஊராக மனிதரை வாரிக்கொண்டு போயின. ஆனால் அந்த முகாம் நோயை மட்டும் வடிகட்டவில்லை. தோட்டத்தில் உழைக்கத் தகுந்த உடலா என்பதும் அங்கேயே பார்க்கப்பட்டது. தோட்டத்துக்குள் நுழைவதற்கு முன்பே, தன் உடலைப் பிறர் சொற்படி திருப்பிக் காட்டவும் வரிசையில் காத்திருக்கவும் ஒரு மனிதர் பழக்கப்பட்டுவிட்டார். காரணம் உண்மையாக இருப்பதனாலேயே கட்டுப்பாடு குற்றமற்றதாகிவிடாது. மண்டபம் எனக்குக் கற்றுத் தருவது அதைத்தான்.

இரண்டாவது, குற்றப் பழங்குடிச் சட்டம். 1871இல் வடக்கே தொடங்கி, 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் சென்னை மாகாணத்துக்கு வந்தது. மக்கள் இதை ரேகைச் சட்டம் என்றே அழைத்தார்கள். ஒரு சாதியில் பிறந்ததையே குற்றத்துக்கான அடையாளமாக எடுத்துக்கொண்டு, வயது வந்த ஆண்களின் பத்து விரல்களையும் மையில் தோய்த்துப் பதிவேட்டில் ஒற்றினார்கள். இரவில் குறித்த இடத்தில் வந்து ஆஜராக வேண்டும். வெளியூர் போனால் அனுமதிச் சீட்டு வேண்டும். மதுரை மாவட்டப் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்த மக்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்து பலர் மாண்டார்கள். நம் பக்கத்தில், முதுகுளத்தூரை ஒட்டிய ஆப்பநாட்டு ஊர்களுக்கும் 1920களின் இறுதியில் இச்சட்டம் நீட்டிக்கப்பட்டது. நாடு முழுவதும் அது ஒழிந்தது 1952இல்தான். திருடினாரா இல்லையா என்பதைப் பற்றி அந்தச் சட்டத்துக்குக் கவலை இல்லை. இரவு பதினொரு மணிக்கு அந்த உடல் எங்கே படுத்திருக்கிறது என்பதே அதற்கு வேண்டியிருந்தது.

மூன்றாவதைச் சொல்லும்போது மனம் கூசுகிறது. ஆனாலும் சொல்லியாக வேண்டும். இதைச் செய்தது வெள்ளைக்காரரும் அல்லர், அரசும் அன்று, நம்மவர்களே. 1930 டிசம்பரில், அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்தில், ஆதிக்கச் சாதி நாட்டார் கூடி ஆதிதிராவிட மக்களுக்கு எட்டுத் தடைகளை விதித்தார்கள். பொன்னும் வெள்ளியும் அணியக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி உடுத்தக் கூடாது. சட்டையும் பனியனும் போடக் கூடாது. பெண்கள் மேலுடம்பை ரவிக்கையாலோ தாவணியாலோ மறைக்கக் கூடாது. பூவும் மஞ்சளும் கூடாது. மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. குடையும் செருப்பும் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன. அடுத்த ஆண்டே அந்தப் பட்டியல் பதினொன்றாக வளர்ந்தது.

அம்மா, அந்த எட்டுத் தடைகளுள் நான் இதுவரை சொல்லாத ஒன்று உண்டு. ஆதிதிராவிட ஆண்கள் தங்கள் முடியைக் கத்தரித்து கிராப்பு வைத்துக்கொள்ளக் கூடாது. அன்று முடியை வெட்டியது குற்றம், இன்று முடியை வெட்டாதது குற்றம். அன்று கிராப்பு என்பது படித்தவனின், மேலோனின் அடையாளம். அதைக் கீழே இருப்பவன் தொடக் கூடாது. இன்று அதே கிராப்பு அடக்கமான பிள்ளைக்கு அடையாளம். அதை மீறுபவன் கீழ்ப்படியாதவன். ஆகவே முடியின் நீளத்தில் எந்த ஒழுக்கமும் இல்லை என்பது நம் மாவட்டத்து வரலாற்றிலேயே நிறுவப்பட்டிருக்கிறது. உன் தலை உன் வசத்தில் இல்லை என்பதை உனக்கும் பார்ப்பவருக்கும் உணர்த்துவதே அன்றும் இன்றும் நோக்கம். ராமேஸ்வரம் அக்னி தீர்த்தக் கரையில் நாள்தோறும் எத்தனையோ பேர் தாமாக வந்து தலையைக் கொடுத்து மழித்துக்கொண்டு நிறைந்த மனத்தோடு போகிறார்கள். கத்தி ஒன்றுதான், ஆனால் அங்கே குனிவது என்று முடிவெடுப்பவர் குனிகிறவரே.

பிரெஞ்சுச் சிந்தனையாளர் மிஷேல் ஃபூக்கோ, ஐரோப்பாவின் படைமுகாம், பள்ளி, மருத்துவமனை, பட்டறை, சிறை ஆகிய அனைத்தும் 18ஆம் நூற்றாண்டு முதல் ஒரே உத்தியை ஒன்றிடமிருந்து ஒன்று கற்றுக்கொண்டன என்று காட்டினார். கால அட்டவணை, வரிசை, ஓயாத பார்வை, தேர்வு, பதிவேடு ஆகியவை மனிதரைப் பயனுள்ளவராகவும் பணிந்தவராகவும் ஒருசேர ஆக்குகின்றன என்பது அவர் கருத்து. மண்டபத்துக்கும் ரேகைச் சட்டத்துக்கும் இது பொருந்துகிறது. ஆனால் எட்டுத் தடைகளை அதனால் முழுமையாக விளக்க முடியாது. அங்கே யாரையும் பயனுள்ளவராக ஆக்கும் எண்ணம் இல்லை. மேலெழுந்த உடலைத் திரும்பக் கீழே அமுக்கும் எண்ணம்தான் இருந்தது. நம் பள்ளி வரிசைகளில் இவ்விரண்டும் கலந்திருக்கின்றன என்று நான் நினைக்கிறேன். நேரத்துக்கு வரப் பழக்குவது முதல் வகை. ஒரு சிறுவனின் முன்முடியை நறுக்கிவிட்டு மிச்சத்தோடு வீட்டுக்கு நடக்க விடுவது, எந்த ஐயமும் இன்றி, இரண்டாம் வகை.

மறுமொழி: உடற்பயிற்சியாளர், ராமநாதபுரம்

மேலே எழுதிய இருவர் மீதும் மதிப்பு உண்டு. ஆனால் பேச்சு போகிற போக்கில், உடலை ஒழுங்குபடுத்துவதெல்லாம் அடக்குமுறை என்று ஆகிவிடக் கூடாது. காவலர் தேர்வுக்கும் படைத் தேர்வுக்கும் போகும் இளைஞர்களுக்கு நான் பயிற்சி கொடுக்கிறேன். காவலர் தேர்வில் பொதுப் பிரிவினருக்கும் பிற்படுத்தப்பட்டோருக்கும் உயரம் 170 சென்டிமீட்டர், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 167. மார்பளவு 81, மூச்சை இழுத்து விரிக்கும்போது 86 இருக்க வேண்டும். அந்த 5 சென்டிமீட்டரை வாங்குவதற்கு விடியலில் மணலில் ஓடுகிற பிள்ளைகளைப் பார்த்தால் அதை அடிமைத்தனம் என்று சொல்ல உங்களுக்கு வாய் வராது. வீட்டில் முதன்முதலாக மாதச் சம்பளம் வாங்கியவர்கள் அவர்களுள் பலர். உடலைப் பழக்கியதால்தான் அவர்கள் யாரையும் அண்டாமல் நிமிர்ந்து நிற்கிறார்கள்.

எல்லா விதிக்கும் அந்த நொடியிலேயே காரணம் கேட்டுக்கொண்டிருக்க முடியாது என்பதும் என் கருத்து. புயல் எச்சரிக்கை வந்தால், கரையேறு என்றவுடன் ஏற வேண்டும். படகில் தண்ணீர் ஏறும்போது படகை நடத்தும் தண்டல் சொல்வதைச் செய்துவிட்டுப் பிறகுதான் பேச வேண்டும். அந்தப் பழக்கம் திடீரென்று வராது, முன்கூட்டியே உடலில் ஏறியிருக்க வேண்டும்.

பாம்பன் சின்னப்பாலம் பக்கத்துக் கடற்பாசி எடுக்கும் பெண்களையும் நினைத்துப் பாருங்கள். 1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா ஆனபின், காலங்காலமாகப் போய்வந்த இடத்துக்கே அவர்கள் போகக் கூடாதென்று ஆயிற்று. பிடித்தார்கள், படகை மறித்தார்கள். அந்தப் பெண்கள் என்ன செய்தார்கள்? மாதத்தில் 12 நாட்கள் மட்டுமே பாசி எடுப்பது என்று தங்களுக்குள் பேசித் தாங்களே ஒரு கட்டுப்பாட்டை வைத்துக்கொண்டார்கள். 2015இல் அவர்களுள் ஒருவருக்குப் பன்னாட்டு விருதும் கிடைத்தது. விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சை அடக்கி, பாறை இடுக்கில் கைவிட்டு வேலை செய்கிற அந்த உடம்புகளுக்கு ஒழுக்கத்தைப் பற்றி எவரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை.

சகோதரி, உங்கள் மகனுக்கு நடந்தது தவறு. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. என் பயிற்சியில் தாமதமாக வருபவர் கூடுதலாக ஒரு சுற்று ஓட வேண்டும். நான் தாமதமாக வந்தால் நானும் ஓடுகிறேன். ஆனால் பள்ளியில் ஒழுங்கே வேண்டாம் என்ற இடத்துக்கு உங்கள் வாதம் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். போய்விட்டால் உங்களை எளிதாகத் தோற்கடித்துவிடுவார்கள்.

மறுமொழி: வேதாளைத் தொழிலாளி

பயிற்சியாளர் அண்ணன் எழுதியதைப் படித்தபிறகு என் அனுபவத்தையும் சொல்லத் தோன்றியது. நான் நண்டுச் சதை எடுக்கும் கம்பெனி ஒன்றில் வேலை செய்தவள். பெயர் வேண்டாம். உள்ளே நுழையும்போது வளையல், மெட்டி, மோதிரம், பூ எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். தலைமுடி ஒன்றுகூட வெளியே தெரியாமல் வலைத்தொப்பி, வாய்க்கு முகமூடி, காலுக்குப் பூட்ஸ். கையைக் குளோரின் தண்ணீரில் முக்கி எடுக்க வேண்டும். கல்யாணமான புதிதில் வளையலைக் கழற்றும்போது எனக்குக் கையே நடுங்கியது. ஆனால் நாளடைவில் அதை ஏற்றுக்கொண்டேன். அமெரிக்காவுக்குப் போகும் சரக்குக்கு 1997இலிருந்து இப்படிச் சுத்த விதிகள் கட்டாயம் என்று விளக்கினார்கள். டப்பாவில் ஒரு முடி விழுந்தால் சரக்கே திரும்பி வரும் என்பதும் புரிந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, முதலாளி உள்ளே வந்தாலும் அந்த வலைத்தொப்பியை மாட்டிக்கொண்டுதான் வந்தார். வெளிநாட்டிலிருந்து வாங்க வந்தவர்களும் கையை முக்கிவிட்டுத்தான் மேசைக்குப் பக்கத்தில் வந்தார்கள்.

ஆனால் கழிப்பறைக்குப் போக மேற்பார்வையாளரிடம் அட்டை வாங்க வேண்டும் என்ற விதியும் அங்கே இருந்தது. வரிசைக்கு ஓர் அட்டை. ஒருத்தி போய்த் திரும்பி வந்தால்தான் அடுத்தவள் போகலாம், நேரம் எழுதிவைக்கப்படும். மாதவிலக்கு நாட்களில் அந்த அட்டைக்காகக் காத்திருந்து, வயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நண்டு ஓட்டை உடைத்தது எனக்கு மறக்காது. பலர் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டார்கள். இதற்கும் சுத்தத்துக்கும் என்ன சம்பந்தம் என்று ஒருமுறை கேட்டேன். "எல்லாம் ஒரே விதிதான்" என்றார்கள். ஒரே விதி அன்று. வலைத்தொப்பி சரக்கைக் காப்பதற்கு, அட்டை எங்களை மேய்ப்பதற்கு. நல்ல விதியின் நிழலில் கெட்ட விதியை நிறுத்தி வைத்திருந்தார்கள். மேற்பார்வையாளருக்கு அந்த அட்டை கிடையாது என்பதிலிருந்தே அது எனக்குத் தெரிந்தது.

அண்ணன் சொன்ன புயல், படகு எல்லாம் சரிதான். படகு கரைக்கு வந்ததும் தண்டலின் அதிகாரம் முடிந்துவிடுகிறது. கரையில் அவர் நம் தலையில் கைவைக்க மாட்டார். பள்ளியிலும் கம்பெனியிலும் ஆபத்தே வராத நாளிலும் ஆபத்துக் கால அதிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது.

இன்னொன்று. துணிக்கடைகளில் நம் பிள்ளைகள் காலையிலிருந்து இரவு வரை நின்றுகொண்டே வேலை பார்த்தார்கள். வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் உட்கார விட மாட்டார்கள். அதைக் கடையின் மரியாதை என்றே எல்லாரும் நம்பினோம். 2021இல் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, வேலை செய்பவர் உட்கார இருக்கை கொடுத்தே ஆக வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். கால் நரம்பு புடைத்து வீட்டுக்கு வந்த பெண்களைப் பார்த்த பிறகும், ஒரு நாற்காலிக்குச் சட்டம் தேவைப்பட்டது.

மறுமொழி: அக்கரையிலிருந்து வந்தவன்

சிறுவனாக இலங்கையிலிருந்து படகில் வந்து மண்டபத்தில் இறங்கி, பிறகு வேறொரு மாவட்டத்து அகதி முகாமில் வளர்ந்தவன் நான். 2021இல் அவற்றுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றியது ஆறுதலாக இருந்தது.

எங்களை யாரும் அடிக்கவில்லை. கணக்கெடுப்பு நாளில் குடும்பத்தில் உள்ள அனைவரும் வரிசையில் வந்து முகம் காட்ட வேண்டும், அவ்வளவுதான். வராதவர் பெயருக்கு அரசு தரும் பணக்கொடை நின்றுவிடும். பெயரே பதிவிலிருந்து போய்விடுமோ என்ற பயம் வேறு. அந்த ஒரு நாள் எங்கள் வாழ்க்கை முழுவதையும் எப்படி வளைத்தது என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. என் தாய் தூரத்து ஊர்களில் கிடைத்த நல்ல வேலைகளை எல்லாம் விட்டார். காய்ச்சலில் கிடந்த என் தங்கையைப் போர்வையோடு தூக்கிக்கொண்டுபோய் வரிசையில் காட்டியிருக்கிறார். அழைக்காத நாளில்கூட முகாமின் வாசலைத் தாண்டும்போது நேரத்தைப் பார்ப்பது எனக்கு இன்றும் போகவில்லை. ஆஜராக வேண்டிய தேதி ஒன்றை நிர்ணயித்துவிட்டால், மற்ற நாட்களில் அந்த உடலை அதுவே காவல் காத்துக்கொள்ளும்.

அக்கா, உங்கள் மகனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முடி வளர்ந்த பிறகும் அவன் வரிசையில் எங்கே நிற்கிறான் என்று கவனியுங்கள். பின்னால் போய் ஒளிந்து நிற்கப் பழகிவிட்டால் அதை அடக்கம் என்று எல்லாரும் பாராட்டுவார்கள். தயவுசெய்து நீங்கள் பாராட்டாதீர்கள்.

மறுமொழி: தங்கச்சிமடத்துத் தாய்

எழுதிய எல்லாருக்கும் நன்றி. ஒவ்வொன்றையும் என் கணவருக்குப் படித்துக் காட்டினேன். எட்டுத் தடைகளின் பட்டியல் வந்தபோது, அவர் தம் தாத்தா தோளில் துண்டு போடாமல் ஊருக்குள் நடந்த கதையைச் சொன்னார். இத்தனை ஆண்டுகளில் அதை அவர் என்னிடம் சொன்னதே இல்லை.

என் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. சிறைக்கும் பள்ளிக்கும் வேறுபாடு உண்டு. சிறையில் அவர்களை அயலார் என்று கருதிச் செய்தார்கள், பள்ளியில் என் மகனை நம் பிள்ளை என்று சொல்லிக்கொண்டே செய்தார்கள். செய்தது ஒன்றுதான். பயிற்சியாளர் அண்ணன் எச்சரித்ததையும் மனத்தில் வைத்துக்கொண்டேன். ஒழுங்கு வேண்டாம் என்று நான் பேசப் போவதில்லை. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. இதுவரை நாங்கள் சத்துணவு, கழிப்பறை, சுற்றுச்சுவர் பற்றி மட்டுமே பேசிவந்தோம். பிள்ளைகளின் உடலுக்கு விதி செய்வதிலும் எங்களுக்குப் பேச்சு உண்டு என்பதை இந்தக் கூட்டத்தில் பதிவு செய்யப் போகிறேன்.

கொண்டுபோகும் தீர்மானத்தை இப்படி எழுதியிருக்கிறேன்: எந்தக் காரணத்துக்காகவும் மாணவரின் உடலிலோ முடியிலோ பள்ளியைச் சேர்ந்த எவரும் கைவைக்கக் கூடாது. தோற்றம் பற்றிய ஒவ்வொரு விதிக்கும் பக்கத்திலேயே அதன் காரணம் எழுதப்பட வேண்டும். காரணம் எழுத முடியாத விதி நீக்கப்பட வேண்டும். நேரந்தவறாமை, முகமூடி, அடையாள அட்டை போன்றவை ஆசிரியருக்கும் சேர்த்தே பொருந்தும். விதிமீறல் பற்றிய பேச்சு வழிபாட்டுக் கூட்டத்தில் நடக்காது, பெற்றோரோடு தனியறையில் நடக்கும். கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்கும் வழக்கம் மேல் வகுப்புகளில் முற்றிலும் நிறுத்தப்படும். கடைசியாகச் சேர்த்த இது வேதாளைத் தங்கைக்காக.

தலைமை ஆசிரியர் இவற்றுள் பாதியை ஒப்புக்கொள்வார் என்று எதிர்பார்க்கிறேன். காரணத்தை எழுத வேண்டும் என்பதில்தான் வாதம் நீளும். மாணவர் இருவரையாவது கூட்டத்துக்கு அழைத்துப் பேச வைக்க வேண்டும் என்றும் கேட்கப் போகிறேன். ஆசிரியர்கள் எதிரே அமர்ந்திருக்கும்போது அவர்கள் வாய் திறப்பார்களா என்பது மட்டும் எனக்கு ஐயமாக இருக்கிறது. இம்மாவட்டத்தில் வேறெந்தப் பள்ளியிலாவது மாணவரைக் குழுவின் முன் பேச வைத்திருந்தால், எந்த வகுப்புப் பிள்ளைகளை அழைத்தீர்கள், யார் யாரை வெளியே இருக்கச் சொன்னீர்கள் என்பதை இங்கே எழுதுங்கள்.